கருக்கலைப்பும் பெண் மீதான வழக்கும்: இங்கிலாந்துச் சட்ட விவாதம் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் தமிழ்ப் பெண்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் வேலை. தன் சொந்தக் கர்ப்பத்தைக் கலைக்கும் பெண்மேல் வழக்குப் போடக் கூடாது என்ற சட்டத் திருத்தத்துக்குப் பாராளுமன்றத்தின் காமன்ஸ் சபை 2025 ஜூனில் ஆதரவாக வாக்களித்த பிறகு, காத்திருக்கும் அறையிலும் கோயிலிலும் தொலைபேசியிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. கேட்டவர்களில் ஈழத்தவரும் உண்டு, தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களும் உண்டு. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். வேறு இடம் என்று நான் சொல்லாதவரை, பதில்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை.

அக்கா, இஞ்ச அபோர்ஷன் எப்பவோ சட்டப்படி ஆக்கினதுதானே? பிறகேன் பொலிஸ் வருது?

பலரும் இடறும் இடம் இதுதான். இங்கிலாந்தில் கருக்கலைப்பு இன்றும் அடிப்படையில் ஒரு குற்றம். 1861ஆம் ஆண்டின் 'உடலுக்கு எதிரான குற்றங்கள் சட்டம்' அதன் 58ஆம் பிரிவில் அப்படிச் சொல்கிறது. உச்ச தண்டனை ஆயுள் சிறை. 59ஆம் பிரிவு, அதற்கான மருந்தையோ கருவியையோ எடுத்துக் கொடுப்பவரைத் தண்டிக்கிறது. 1967இல் லிபரல் கட்சியின் டேவிட் ஸ்டீல் கொண்டுவந்த கருக்கலைப்புச் சட்டம் இந்தப் பிரிவுகளை நீக்கவில்லை. இன்னின்ன நிபந்தனைகளுக்குள் நடந்தால் அது குற்றமாகாது என்று ஒரு விலக்கு மட்டுமே தந்தது.

அந்த நிபந்தனைகள்: இரண்டு மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு சம்மதிக்க வேண்டும். சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். அனுமதி பெற்ற இடத்தில், அனுமதி பெற்ற முறையில் நடக்க வேண்டும். வருடம் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் இந்த வழியில்தான் போகிறார்கள். பொலிஸைப் பற்றி அவர்கள் நினைக்கவே தேவையில்லை. 2025இல் அந்த வாக்கெடுப்பு நடந்தபோது, நிபந்தனைக்கு வெளியே கால் வைத்த பெண்ணுக்குத்தான் பழைய 58ஆம் பிரிவு அப்படியே காத்திருந்தது.

அந்த 1861 சட்டத்துல பொம்பளைய எதுக்குச் சேர்த்தாங்க? டாக்டரை மட்டும் பிடிச்சா போதாதா?

1803இல் முதன்முதலாகச் சட்டம் எழுதியபோது குறி, கருவைக் கலைத்துவிடும் மற்றவர்மேல்தான் இருந்தது. வயிற்றில் பிள்ளை துடித்த பிறகு கலைத்தால் மரண தண்டனை. அதற்கு முன் என்றால் அதைவிடக் குறைவு. 1837இல் அந்த வேறுபாடும் போனது, மரண தண்டனையும் போனது. 1861இல்தான் 'தனக்குத் தானே செய்துகொள்ளும் பெண்' என்று சட்டம் வெளிப்படையாகப் பெண்ணையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அப்போது பாராளுமன்றத்தில் ஒரு பெண் உறுப்பினர்கூட இல்லை. பெண்களுக்கு வாக்குரிமையும் இல்லை.

பிறகு 1929இல் இன்னொரு சட்டம் வந்தது. உயிரோடு பிறக்கக்கூடிய நிலையில் உள்ள சிசுவை, பிறக்கும் முன்பே வேண்டுமென்று அழிப்பது தனிக் குற்றமானது. அதற்கும் ஆயுள் சிறைதான். 1938இல் அலெக் போர்ன் என்ற மருத்துவர், படைவீரர்களின் பாலியல் வன்முறைக்கு ஆளான 14 வயதுச் சிறுமிக்குக் கருக்கலைப்புச் செய்துவிட்டு, தானே அதிகாரிகளிடம் தெரிவித்து வழக்கை எதிர்கொண்டார். ஜூரி அவரை விடுவித்தது. மருத்துவர்களுக்குக் கொஞ்சம் கதவு திறந்தது அன்றுதான். 1967 சட்டம் அந்தக் கதவை அகலமாக்கியது.

24 கிழமை எண்டு எல்லாரும் சொல்லினம். அதைத் தாண்டினா ஒண்டும் செய்ய ஏலாதோ?

பெரும்பாலான கருக்கலைப்புகள் நடக்கும் காரணத்துக்கு, அதாவது கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உடலுக்கோ மனத்துக்கோ கூடுதல் ஆபத்து என்ற காரணத்துக்கு, எல்லை 24 வாரம். 1990இல் வைத்த எல்லை அது. பெண்ணின் உயிருக்கு ஆபத்து, அவள் உடலுக்கோ மனத்துக்கோ நிரந்தரமான கடும் பாதிப்பு, சிசுவுக்குக் கடுமையான குறைபாடு என்ற மூன்றுக்கும் வார எல்லை இல்லை.

உண்மையில் அந்த எல்லைக்கு அருகில் போகிறவர்களே மிகச் சிலர். 2022இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த கருக்கலைப்புகள் 2,51,377. அவற்றில் 88 சதவீதம் 10 வாரத்துக்குள். 24 வாரமும் அதற்கு மேலும் என்பது ஆயிரத்தில் ஒன்றளவு.

நூத்தி அறுபது வருஷமா தூங்கின சட்டம் இப்ப ஏன் முழிச்சுது?

2020 மார்ச் முடிவில் கொரோனா ஊரடங்கின்போது ஒரு மாற்றம் வந்தது. 10 வாரத்துக்கு உட்பட்ட கர்ப்பம் என்றால் பெண் தொலைபேசியில் ஆலோசனை பெறலாம். மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் ஆகிய இரண்டு மாத்திரைகளும் தபாலில் வீட்டுக்கு வரும். முதலாவதை விழுங்கி ஒன்றிரண்டு நாள் கழித்து இரண்டாவது. 2022இல் பாராளுமன்றம் இதை நிரந்தரமாக்கியது.

கடைசி மாதவிலக்கு எப்போது வந்தது என்று பெண் சொல்வதை வைத்துத்தான் இந்த முறையில் பெரும்பாலும் வாரம் கணக்கிடுகிறார்கள். சிலர் தவறாகக் கணக்கிட்டார்கள். சிலருக்குக் கர்ப்பம் என்று தெரிந்ததே வெகு தாமதமாக. மிகச் சிலர் தெரிந்தே குறைத்துச் சொன்னார்கள். இப்படிப்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, சில இடங்களில் தகவல் பொலிஸுக்குப் போனது. 2020க்குப் பிறகு நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் விசாரிக்கப்பட்டார்கள், ஆறு பேர் நீதிமன்றம் கண்டார்கள், ஒருவர் சிறை போனார் என்று 2025 திருத்தத்தை முன்மொழிந்த உறுப்பினர் சபையில் சொன்னார். அதற்கு முந்தைய ஒன்றரை நூற்றாண்டில் இந்தச் சட்டத்தின்கீழ்த் தண்டனை பெற்ற பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கோர்ட் வரைக்கும் போனவங்களுக்கு என்ன ஆச்சு?

இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம், அந்தப் பெண்கள் பட்டது போதும்.

முதல் வழக்கு 2023 ஜூனில் தீர்ப்பானது. ஊரடங்குக் காலத்தில் ஒரு தாய், தன் கர்ப்பம் ஏறத்தாழ ஏழு வாரம் என்று தொலைபேசியில் சொல்லி மாத்திரை பெற்றார். உண்மையில் 32 முதல் 34 வாரம் வரை இருந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 28 மாதச் சிறை கிடைத்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 14 மாதமாகக் குறைத்து, அதையும் நிறுத்திவைத்து அவரை வீட்டுக்கு அனுப்பியது. இந்த வழக்குக்கு வேண்டியது தண்டனை அல்ல, இரக்கம் என்று நீதிபதி டேம் விக்டோரியா ஷார்ப் சொன்னார். ஆனால் அதற்குள் அந்தத் தாய் பிள்ளைகளைப் பிரிந்து ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார்.

இரண்டாவது வழக்குதான் என் நெஞ்சை அதிகம் உலுக்கியது. 2020 நவம்பரில் ஒரு பெண், தன் கர்ப்பம் 10 வாரத்துக்கு உட்பட்டது என்று நம்பி, முறையாகத் தபாலில் வந்த மாத்திரையை எடுத்தார். ஏறத்தாழ 26 வாரச் சிசு வெளியே வந்தது. பயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்தே பொலிஸ் அவரைக் கைதுசெய்து கொண்டுபோனது. 2025 மே மாதம் ஜூரி அவர் குற்றவாளி அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. நாலரை வருடம்! அவருடைய அந்தரங்கம் முழுவதும் நீதிமன்றத்தில் விரிக்கப்பட்டது. 'கடைசியில் விடுதலைதானே ஆனார்' என்று சிலர் என்னிடம் சொல்கிறார்கள். நாலரை வருடம் வழக்கைச் சுமந்த ஒருத்திக்கு அந்த வழக்கே தண்டனைதான்.

ஜூன் 17 அன்னைக்கு பார்லிமென்ட்ல அப்படி என்னதான் பாஸ் பண்ணாங்க?

'குற்றம் மற்றும் பொலிஸ் பணி' என்ற பெரிய சட்டமூலம் ஒன்று காமன்ஸ் சபையில் இருந்தது. வேல்ஸின் கவர் தொகுதி உறுப்பினரான டோனியா அன்டோனியாஸி, தொழிற்கட்சிக்காரர், அதில் ஒரு புதிய பிரிவைச் சேர்க்கக் கேட்டார். அந்தப் பிரிவு ஒரே வாக்கியம். கருக்கலைப்புப் பற்றிய சட்டங்களின்படி, 1861 சட்டத்தின் 58, 59ஆம் பிரிவுகளும் 1929 சட்டமும் உட்பட, தன் சொந்தக் கர்ப்பம் தொடர்பாக ஒரு பெண் செய்யும் எதுவும் குற்றமாகாது. அவ்வளவுதான்.

379 பேர் ஆதரித்தார்கள், 137 பேர் எதிர்த்தார்கள். மனச்சாட்சி வாக்கு என்பதால் கட்சி உத்தரவு எதுவும் கிடையாது. பிரதமர் கியர் ஸ்டார்மர் அன்று ஜி-7 மாநாட்டுக்காகக் கனடாவில் இருந்ததால் வாக்களிக்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் கெமி பேடனாக் எதிர்த்து வாக்களித்தார்.

அப்ப அடுத்த நாளே சட்டம் மாறிட்டுதா?

இல்லை. காமன்ஸில் ஒரு பிரிவு சேர்வது சட்டமூலத்தில் சேர்வதுதான். சட்டமூலம் முழுவதும் பிரபுக்கள் சபைக்குப் போய், அங்கும் வரிவரியாக விவாதிக்கப்பட்டு, கடைசியில் மன்னரின் ஒப்புதலும் கிடைத்தால்தான் சட்டம். இந்தப் பிரிவு 191ஆம் இலக்கத்தோடு பிரபுக்கள் சபைக்குப் போனது. அதை நீக்கக் கேட்டவர்களும் அங்கே இருந்தார்கள். ஜூன் 18ஆம் தேதி காலையில் 'இனிப் பயமில்லை' என்று குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தவர்களிடம் நான் சொன்னதும் இதுதான்.

அந்த ஒற்றை வாக்கியத்தில் முன்பே தண்டனை பெற்றவர்களைப் பற்றி எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி ஒன்பதாம் மாசத்துல கூட கலைக்கலாம்னு வாட்ஸப்ல வந்துச்சே, நிஜமா?

அந்தச் செய்தி இரண்டு விஷயங்களை ஒன்றாகக் குழப்புகிறது. ஒன்று, மருத்துவர் எப்போது கருக்கலைப்புச் செய்யலாம் என்பது. இரண்டு, எல்லையை மீறிய பெண்ணை என்ன செய்வது என்பது. அன்டோனியாஸியின் பிரிவு முதலாவதைத் தொடவே இல்லை. 24 வார எல்லை, இரண்டு மருத்துவர் கையொப்பம், தபால் மாத்திரைக்கு 10 வாரம், மேலே சொன்ன எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒன்பதாம் மாதத்தில் ஒரு பெண் கிளினிக்குக்குப் போய்க் கேட்டால், நேற்று என்ன பதில் கிடைத்ததோ அதுதான் கிடைக்கும். எல்லையை மீறிச் செய்கிற மருத்துவருக்கு ஆயுள் சிறை வரை போகும் அதே சட்டம்தான்.

இரண்டாவது விஷயத்தில் மாற்றம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒரு பெண் எந்த மாதத்தில் தனக்குத் தானே செய்துகொண்டாலும், அந்தப் பிரிவின்படி கருக்கலைப்புச் சட்டங்களின்கீழ் அவள்மேல் வழக்கு இல்லை. அப்படி நடந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2012இல் நிறைமாதத்தில் மாத்திரை எடுத்த ஒரு பெண்ணுக்கு 8 ஆண்டு விதித்தார்கள். மேல்முறையீட்டில் மூன்றரை ஆண்டானது. இப்படி ஒன்றைக் கேட்டால் மனம் பதறும். எனக்கும் பதறுகிறது. ஆனால் அந்த நிலைக்குப் போன பெண்ணைப் பற்றி எனக்குத் தோன்றும் முதல் கேள்வி 'எத்தனை வருடம் உள்ளே போடலாம்' என்பதல்ல. எட்டு மாதம் ஒருத்தி இதைத் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்தபோது அவளைச் சுற்றி யாருமே இல்லையா என்பதுதான். சிறைப் பயம் அவளைத் தடுக்கவில்லை. மருத்துவரிடம் வராமல்தான் தடுத்தது.

பிள்ளை உயிரோடு பிறந்த பிறகு அதற்குத் தீங்கு செய்தால் அது வேறு. கொலைச் சட்டமும் 1938ஆம் ஆண்டின் சிசுக்கொலைச் சட்டமும் அப்படியே இருக்கின்றன. இந்தப் பிரிவு அவற்றைத் தொடவில்லை.

எதிர்த்து வாக்குப் போட்டவையெல்லாம் பொம்பிளையளுக்கு எதிரியளோ?

நான் அப்படிச் சொல்லமாட்டேன். எதிர்த்தவர்களில் கருக்கலைப்பே பாவம் என்று நம்புகிறவர்கள் இருந்தார்கள். கத்தோலிக்க ஆயர்களும் குரல் கொடுத்தார்கள். அதே நேரம், கருக்கலைப்பு உரிமையை ஏற்றுக்கொண்டே இந்தப் பிரிவை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். தாயின் வயிற்றுக்கு வெளியே வாழக்கூடிய நிலைக்கு வந்துவிட்ட குழந்தைக்குச் சட்டத்தில் எந்தக் காவலும் இல்லாமல் போகும் என்பது கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ரெபெக்கா பால் போன்றோரின் வாதம். சட்டம் யாரையும் சிறைக்கு அனுப்பாவிட்டாலும், அங்கே இருப்பதே ஒரு வேலி என்றார்கள். குற்றவியல் சட்டமூலம் ஒன்றின் ஓரத்தில், பொதுமக்கள் கருத்துக் கேட்காமல், சில மணி நேர விவாதத்தில் இத்தனை பெரிய மாற்றமா என்றும் கேட்டார்கள். அந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு வழியையும் எதிர்த்தரப்பு முன்வைத்தது. கன்சர்வேட்டிவ் உறுப்பினரும் குழந்தைநல மருத்துவருமான கரோலின் ஜான்சன், மாத்திரை கொடுக்கும் முன் பெண்ணை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நேரில் பார்த்தால் வாரக் கணக்குத் தவறாது. பெண்ணைப் பின்னாலிருந்து யாராவது மிரட்டுகிறார்களா என்றும் தெரியும் என்பது அவர் வாதம். அதுவும் தோற்றது. நேரில் வரச் சொன்னால் யார் வராமல் போவார்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை விட்டுவர ஆள் இல்லாதவள், வேலையில் விடுப்புக் கேட்க முடியாதவள், கணவன் ஃபோனைப் பார்க்கிறவள். தபால் முறை வந்த பிறகு இவர்களில் பலர் சீக்கிரமே உதவி கேட்டார்கள்.

ஆதரிக்கிற ஆக்களுக்குள்ளயே சண்டை எண்டினம். என்ன பிரச்சினை?

தொழிற்கட்சியின் ஸ்டெல்லா கிரீஸி இன்னும் தூரம் போகும் ஒரு திருத்தத்தை வைத்தார். பெண்ணை மட்டும் விலக்கினால் போதாது; கருக்கலைப்பையே குற்றவியல் சட்டத்திலிருந்து எடுக்க வேண்டும், நாளை வேறொரு அரசு வந்து பறிக்க முடியாதபடி அதை ஒரு மனித உரிமையாகப் பூட்ட வேண்டும் என்றார். அமெரிக்காவில் 2022இல் ஐம்பது வருட உரிமை ஒரே தீர்ப்பில் போனதைப் பார்த்தவர்களின் பயம் அது.

மகப்பேறு மருத்துவர்களின் அரச கல்லூரியும் கருக்கலைப்புச் சேவை நடத்தும் அமைப்புகளும் அன்டோனியாஸியின் சிறிய பிரிவின் பின்னால் நின்றன. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சேவையின் விதிகளைக் கலைத்துப்போடாமல், பெண்ணை மட்டும் உடனே கூண்டிலிருந்து இறக்கிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. சிறிய பிரிவு முதலில் வாக்கெடுப்புக்கு வந்து நிறைவேறியதால் கிரீஸியின் திருத்தம் வாக்குக்கே வரவில்லை. அவசரத் தேவையைப் பார்த்தால் சிறிய பிரிவே சரி என்பது என் கருத்து. மருத்துவச்சிக்கும் தாதிக்கும் உதவப்போன தோழிக்கும் 1861 அப்படியே தொங்குகிறது என்ற கிரீஸியின் குறையும் உண்மை.

புருஷன் மிரட்டியோ ஏமாத்தியோ மாத்திரை குடுத்தா அவன் தப்பிச்சிடுவானா?

தப்ப முடியாது. விலக்கு, தன் சொந்தக் கர்ப்பம் பற்றிச் செயல்படும் பெண்ணுக்கு மட்டும். அவளுக்குத் தெரியாமல் கொடுப்பவன், மிரட்டி விழுங்க வைப்பவன், வயிற்றில் உதைப்பவன், எல்லோரும் 58ஆம் பிரிவிலேயே இருக்கிறார்கள். 2024 டிசம்பரில், கர்ப்பிணி ஒருத்தியின் பானத்தில் மாத்திரையைக் கலந்த ஆணுக்கு இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று 12 ஆண்டு சிறை விதித்தது. அந்த மாத்திரையை அவனுக்காக வேறொரு பெண் பெற்றுக் கொடுத்திருந்தாள். நேரில் பார்க்க வேண்டும் என்ற தரப்பு இந்த வழக்கைத்தான் சான்றாகக் காட்டியது.

இதே வழக்கை நான் வேறு பக்கமிருந்து பார்க்கிறேன். மிரட்டப்பட்ட பெண்ணுக்கும் பழைய சட்டத்தின்படி வழக்குப் பயம் உண்டு. மாத்திரையை விழுங்கியது அவள் கை. 'வெளியில சொன்னா நீதான் ஜெயிலுக்குப் போவாய்' என்று மிரட்ட அது அவனுக்கு உதவுகிறது.

ஊரிலயிருந்து அம்மா மாத்திரை பார்சல்ல அனுப்பிவிட்டா?

தயவுசெய்து வேண்டாம். முந்தைய பதிலில் சொன்ன அதே காரணம்: விலக்கு பெண்ணுக்கு மட்டும். கருக்கலைப்புக்கு என்று தெரிந்து மருந்தை எடுத்துக் கொடுப்பவர் 59ஆம் பிரிவில் வருவார். இங்கே இருந்து வாங்கிக் கொடுக்கும் அக்காவும் தோழியும்கூட அதில் வரலாம். அன்போடு செய்தார்களா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

அதோடு, அதற்குத் தேவையும் இல்லை. என்.எச்.எஸ். என்ற அரச மருத்துவச் சேவைக்கு உரிமை உள்ள பெண்ணுக்கு இது இலவசம். ஜி.பி.யிடம் போகாமலே கருக்கலைப்புச் சேவைகளை நேரடியாக அழைக்கலாம். குடும்ப மருத்துவர் நம் ஊர்க்காரர், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று தயங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பொம்பிளைப் பிள்ளை எண்டு தெரிஞ்சு கலைக்கிறதுக்கு இது வழி விடாதோ?

உசிலம்பட்டியும் தொட்டில் குழந்தைத் திட்டமும் நினைவில் இருக்கும் தமிழருக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. இங்கே பாராளுமன்றத்திலும் எதிர்த்தரப்பு இதைக் கேட்டது. குழந்தை ஆணா பெண்ணா என்பது 1967 சட்டம் சொல்லும் காரணங்களில் இல்லை. அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒரு மருத்துவர் செய்தால் அவர் விலக்குக்கு வெளியே. 2025 பிரிவு அதை மாற்றவில்லை.

2015இல் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஃபியோனா புரூஸ் இதைத் தனியாக எழுதிச் சேர்க்க முயன்றார். 201க்கு 292 என்று தோற்றது. தெற்காசியப் பெண்களைப் பார்த்தாலே மருத்துவர் சந்தேகப்படத் தொடங்குவார்கள் என்பது அன்று எதிர்த்தவர்களின் பயங்களில் ஒன்று. ஆண் பிள்ளைதான் வேண்டும் என்று மாமியாரும் கணவனும் நெருக்கும்போது தண்டனை யாருக்குப் போக வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நெருக்குகிறவர்கள் மேல் சட்டம் இன்னும் இருக்கிறது. நெருக்கப்படுகிறவள்தான் விலகுகிறாள்.

எனக்குத் தானாவே கலைஞ்சது. அதுக்கும் போலீஸ் வருமா?

இயல்பாகக் கரு கலைவது எந்தச் சட்டத்திலும் குற்றமல்ல, ஒருபோதும் இருந்ததில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், மாத்திரையால் கலைந்ததும் தானாகக் கலைந்ததும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கர்ப்பம் முற்றிய நிலையில் எதிர்பாராமல் குழந்தை இறந்து பிறந்தால், காரணம் தேடும் பொலிஸின் கண் தாய்மேல் விழலாம். சிசு மரண விசாரணைகளுக்கான பொலிஸ் வழிகாட்டுதலில், வீட்டில் மாத்திரைப் பெட்டி தேடுவதும் ஃபோனில் தேடல் வரலாறும் மாதவிலக்குச் செயலியும் பார்ப்பதும் இடம்பெற்றிருந்தது 2025இல் செய்தியானது. மகப்பேறு மருத்துவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள்.

குழந்தையைப் பறிகொடுத்த தாயின் ஃபோனைப் பறிப்பதை எந்த நியாயமும் எனக்கு விளக்க முடியாது. பெண்மேல் குற்றமே இல்லை என்றானால் அந்தத் தேடலுக்கு அடிப்படையே போய்விடும் என்பதுதான் மருத்துவர்கள் இந்தப் பிரிவை ஆதரித்ததற்குப் பெரிய காரணங்களில் ஒன்று.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து எல்லாம் இதே சட்டம்தானா?

இல்லை. ஸ்காட்லாந்தில் 1967 சட்டம் உண்டு, 1861 சட்டம் கிடையாது. வடக்கு அயர்லாந்தில் தலைகீழ்: 1967 சட்டம் அங்கே போகவே இல்லை, 1861 மட்டும் இருந்தது. 2019இல் கிரீஸி கொண்டுவந்த திருத்தத்தால் அங்கே 58, 59 இரண்டும் நீங்கின. ஆக, ஒரே அரசின்கீழ் பெல்ஃபாஸ்டில் குற்றமில்லாத ஒன்று லண்டனில் குற்றமாக இருந்தது. 2025 விவாதத்தில் இந்த ஒப்பீடு பலமுறை வந்தது.

அயர்லாந்துக் குடியரசில், 2012இல் கோல்வேயில் சவிதா ஹலப்பனவர் என்ற கர்நாடகப் பெண் கருச்சிதைவின்போது கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, கிருமித் தொற்றால் இறந்தார். அந்த மரணத்தின் கோபம் 2018 மக்கள் வாக்கெடுப்பு வரை போனது, 66.4 சதவீதம் மாற்றத்துக்கு வாக்களித்தார்கள். பிறகு வந்த சட்டம் எல்லையை மீறும் மற்றவர்களைத் தண்டிக்கிறது, பெண்ணைத் தண்டிப்பதில்லை. அன்டோனியாஸியின் பிரிவும் அதே வடிவம்தான்.

நம்ம ஊர்ல இந்தப் பிரச்சினையே இல்லையே? 1971லயே சட்டம் வந்தாச்சே?

இந்தியாவிலும் கட்டமைப்பு இங்கிலாந்தைப் போன்றதுதான். எழுதியவர்களும் அதே ஆட்சியாளர்கள். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவில் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. தனக்குத் தானே கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடங்குவாள் என்று விளக்கக் குறிப்பும் சேர்த்தது. 1971இன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அதற்கு ஒரு விலக்கு. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவர், சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர். 2022இல் உச்ச நீதிமன்றம் திருமணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை என்றது. ஆனால் 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, 312 அப்படியே 88ஆம் பிரிவாக வந்து உட்கார்ந்துகொண்டது. விளக்கக் குறிப்பும் கூடவே வந்தது. அதைப் பற்றித் தமிழில் பேச்சே எழவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இலங்கையில் நிலைமை இன்னும் கடினம். 1883இன் தண்டனைக் கோவை, 303ஆம் பிரிவு: தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும் அனுமதி. பாலியல் வன்முறையால் வந்த கர்ப்பத்துக்கும் விலக்கு இல்லை. 1995இல் அதைத் தளர்த்த முயன்று கைவிட்டார்கள். இங்கே வந்து இருபது வருடமான ஈழத்துப் பெண்களும் 'அபோர்ஷன்' என்ற சொல்லைக் குரல் தாழ்த்தியே சொல்வதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நீங்க மொழிபெயர்க்கேக்க நான் சொல்றது பொலிஸுக்குப் போகுமோ? டொக்டருக்கு உண்மையைச் சொல்லலாமோ?

கருக்கலைப்போ கருச்சிதைவோ நடந்தால் பொலிஸுக்குச் சொல்லும் சட்டக் கடமை மருத்துவருக்கோ தாதிக்கோ இல்லை. மகப்பேறு மருத்துவர்களின் அரச கல்லூரி 2024 ஜனவரியில் இதை எழுத்திலேயே சொன்னது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பதே முதல் கடமை என்றது. மொழிபெயர்ப்பாளருக்கும் அதே இரகசியக் கட்டுப்பாடு உண்டு. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆபத்து, யாராவது வன்முறை செய்கிறார்கள் போன்ற நிலைகளில் பாதுகாப்புக்காகத் தகவல் பகிரப்படலாம்; அப்போதும் பெரும்பாலும் உங்களிடம் சொல்லிவிட்டே செய்வார்கள். மேலே சொன்ன கைதும் நடந்ததுதான், அதனால் எங்குமே நடக்காது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. வழக்குப் பயம் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஆனால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

என்ன மாத்திரை, எத்தனை, எப்போது, எத்தனை மாதம் என்பது மருத்துவருக்குத் தெரிந்தால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், அல்லது காய்ச்சலும் துர்நாற்றமும் இருந்தால், வீட்டில் காத்திருக்கக் கூடாது. மயக்கம் வந்தால் அவசர எண் 999ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில் 'டமில் இன்டர்ப்ரெட்டர்' என்று இரண்டு சொல் போதும்; இலவசமாக ஏற்பாடு செய்வார்கள், தொலைபேசியிலும் வருவோம். கணவனையோ மாமியையோ பிள்ளையையோ இதற்கு மொழிபெயர்க்க விடாதீர்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால், கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்வது அங்குள்ளவர்களின் பொறுப்பு.